மைதானத்தில் உட்கார்ந்து ஒரு ஊரின் பொறுமையை அளப்பது எப்படி?

சென்னை ரசிகர் பொறுமைசாலி, கொல்கத்தா ரசிகர் சட்டென்று கொதித்துவிடுவார், மும்பைக்குத் தோல்வியே பிடிக்காது. கிரிக்கெட் பேசுகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு அடிபடும். என்ன ஆதாரம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மேட்ச்சைச் சொல்வார்கள்: சென்னைக்கு, 1999ல் ஜெயித்த பாகிஸ்தானுக்குக் கைதட்டியது; கொல்கத்தாவுக்கு, 1996 உலகக் கோப்பை அரையிறுதி கலவரத்தில் நின்றது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் அந்த இரண்டு நாட்களை வைத்து இரண்டு ஊர்களுக்கும் நிரந்தர முத்திரை குத்துவது நியாயமில்லை. ஒரு சீசன் முழுக்க, ஒரே முறையில், பந்துக்குப் பந்து குறிப்பெடுத்தால் இதைவிட நம்பகமான பதில் கிடைக்கும். செலவு டிக்கெட் காசு மட்டும்தான். எப்படிச் செய்வது, எங்கெங்கே கணக்கு தப்பும் என்பதை விவரமாகத் தருகிறோம்.

எதற்குப் பொறுமை என்று முதலில் பிரியுங்கள்

சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து, முதுகு வலியோடு ஆடி 136 அடித்த சச்சின் ஆட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். அவர் அவுட் ஆனபோது ஸ்கோர் 254. இன்னும் 17 ரன் வேண்டும், கையில் 3 விக்கெட். அந்த மூன்றும் 4 ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அதே சேப்பாக்கத்தில் சமீபத்திய ஐபிஎல் சீசன்களைப் பாருங்கள். அப்போது சென்னை அணியில் இருந்த ஜடேஜா பேட் செய்துகொண்டிருப்பார். கூட்டம் தோனியின் பெயரைச் சொல்லிக் கத்தும். தான் எப்போது அவுட் ஆவோம் என்று காத்திருக்கிறார்கள் என்று 2023ல் ஒரு மேட்ச் முடிந்ததும் ஜடேஜாவே சொன்னார்.

தோல்வியைத் தாங்கிய அதே மைதானத்தால் ஒரு பேட்ஸ்மேன் போய் இன்னொருவர் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. அதனால் 'பொறுமை' என்று ஒரே தலைப்பில் எழுதத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே குழப்பம் வந்துவிடும். நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்.

தோல்வி: அணி தோற்கும்போது, சரியும்போது வரும் எதிர்வினை.

மந்தம்: ஆட்டம் நகராமல் நிற்கும்போது வருவது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா தொடர்ந்து 97 பந்துகள் பவுண்டரி இல்லாமல் ஆடியது. 92,453 பேர் வந்திருந்த அந்த மைதானத்தில் அன்று ஊளை பெரிதாக எழவில்லை. கூட்டம் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. கூட்டத்தை அமைதியாக்குவதைவிடத் திருப்தியான விஷயம் இல்லை என்று முதல் நாளே பேசியிருந்த ஆஸ்திரேலியக் கேப்டன் பாட் கம்மின்ஸ், கோலியின் ஸ்டம்பைத் தட்டியபோது அதைச் செய்தும் காட்டினார். மந்தத்துக்கு மௌனமும் ஒரு பதில். அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

நட்சத்திரம்: கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ அவர் இல்லாதபோது, அல்லது அவர் அவுட் ஆனபின் நடப்பது. 2025 ஜனவரி இறுதியில் டெல்லியில் ரஞ்சிப் போட்டிக்கு கோலியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஹிமான்ஷு சங்வான் பந்தில் 6 ரன்னுக்கு அவர் போல்டானதும் கேலரி மளமளவென்று காலியானது. டெல்லி அணி அன்று என்ன நிலையில் இருந்தது என்பது கிளம்பியவர்களில் பலருக்குப் பொருட்டே இல்லை.

அநியாயம்: அம்பயர் தீர்ப்பு, எதிரணியின் நடத்தை, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம்.

நிர்வாகம்: தேர்வுக் குழு, கேப்டன் மாற்றம், டிக்கெட் விவகாரம். 2005 நவம்பரில் சொந்த ஊர்க்காரர் கங்குலி அணியில் இல்லாத கோபத்தில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் கூட்டம் இந்திய அணியை ஊளையிட்டு, தென்னாப்பிரிக்காவுக்குக் கைதட்டியது. அந்த மேட்ச்சில் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. ஆனால் கோபம் தோல்வியில் பிறந்ததில்லை. மைதானத்துக்குள் வரும்போதே கூட்டம் அதைக் கொண்டுவந்திருந்தது. இதைத் தோல்விப் பத்தியில் போட்டால் கொல்கத்தாவைப் பற்றித் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

கையில் என்ன, உட்காரும் இடம் எது

சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, பென்சில், கைக்கடிகாரம். இவ்வளவு போதும். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், சில மைதானங்களில் சில்லறைக் காசுகூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேனாவும் சில நேரம் மாட்டும்; பென்சில் பெரும்பாலும் தப்பிக்கும். போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். முப்பதாயிரம் பேர் ஒரே இடத்தில் இருக்கும்போது நெட்வொர்க் படுத்துவிடும், ஸ்கோர் ஆப் எதுவும் திறக்காது. தேடித் தேடி பேட்டரிதான் தீரும். ஸ்கோருக்குப் பெரிய திரையைப் பாருங்கள், விவரத்தை வீட்டுக்கு வந்து ஸ்கோர்கார்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஓவர் என்று கோடு போட்டு வையுங்கள். ஆறு பந்துக்கு ஆறு வரிசை, வைடு, நோ பாலுக்கு இரண்டு வரிசை கூடுதலாக. மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தால் பந்து போய்விடும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஹாஸ்பிடாலிட்டி பாக்ஸ் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் சத்தம் வராது, அங்கே இருப்பவர்களில் பலர் ரசிகர்களே இல்லை. கீழ் வரிசைகளும் சரிப்படாது; பிட்ச் தெரியும், கூட்டம் தெரியாது. பக்கவாட்டு ஸ்டாண்டில் நடு உயரத்தில் உட்காருங்கள். எதிர் ஸ்டாண்ட் முழுதாகத் தெரிய வேண்டும். சேப்பாக்கத்தில் பல வருடம் பூட்டிக் கிடந்து 2023ல் மறுபடி திறந்த ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளில் விலை குறைவு, உற்சாகம் அதிகம். ஆனால் அங்கேயே உட்கார்ந்தால் அந்த ஒரு மூலையின் சத்தம்தான் காதை நிறைக்கும். அவர்களைப் பார்க்கிற இடத்தில் உட்கார்வது நல்லது.

இருநூறு நாற்காலி

முழு மைதானத்தையும் எண்ண முடியாது. எதிர் ஸ்டாண்டில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்: 10 வரிசை, வரிசைக்கு 20 நாற்காலி. ஒரு பக்கம் நடைபாதை, இன்னொரு பக்கம் தூண் அல்லது விளம்பரப் பலகை என்று அடையாளம் வைத்துக்கொண்டால் இருட்டிய பிறகும் இடம் மாறாது. சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர், ஈடனில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அகமதாபாத்தில் லட்சத்துக்கும் மேல். ஆள் எண்ணிக்கையில் எழுதினால் ஊர்களை ஒப்பிட முடியாது. 200க்கு எத்தனை என்று எழுதினால் ஒப்பிடலாம்.

முதல் ஓவர் முடிந்ததும் இரண்டு எண் எழுதுங்கள்: எத்தனை நாற்காலி நிரம்பியது, அதில் சொந்த அணி ஜெர்சி எத்தனை. இரண்டாவது எண்ணைத் தவறவிட்டால் மொத்த வேலையும் வீண். 2023 ஏப்ரல் 23 அன்று ஈடனில் கொல்கத்தா, சென்னை மோதியபோது கேலரி மஞ்சளாக இருந்தது; தனக்குப் பிரியாவிடை கொடுக்க வந்திருக்கிறார்கள் போல என்று தோனியே சொன்னார். அன்று சொந்த அணி விக்கெட் விழுந்ததும் எழுந்த ஆரவாரத்தைக் கொல்கத்தாவின் பொறுமையின்மை என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஜெர்சி போடாதவர்கள் நிறைய இருந்தால், முதல் இரண்டு ஓவரில் சொந்த அணிக்கு நல்லது நடக்கும்போது எழுகிறவர்களை எண்ணுங்கள். பத்தில் ஆறு பேராவது சொந்த அணிக்காரர்களாக இல்லாவிட்டால் அந்த மேட்ச்சை அந்த ஊரின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எதிர்வினையின் நிலைகள்

ஒவ்வொரு தடவையும் பக்கம் பக்கமாக விவரிக்க நேரம் இருக்காது. 0 முதல் 5 வரை எண் போட்டு எழுதுங்கள்.

0: அமைதி, பெருமூச்சு, 'ச்ச' என்று ஒரு முனகல்.
1: தனித்தனிக் கத்தல். வசவு, அறிவுரை, 'அடிடா' எல்லாம் இதில் வரும்.
2: ஒரே ஸ்டாண்டில் சேர்ந்து எழும் ஊளை.
3: குறைந்தது மூன்று ஸ்டாண்டுக்குப் பரவிய ஊளை, அல்லது ஒரு ஆளின் பெயரைச் சொல்லிக் கோஷம்.
4: ஆட்டம் உயிரோடு இருக்கும்போதே கூட்டமாகக் கிளம்புவது.
5: பொருள் எறிதல், தீ, ஆட்டம் நிற்பது.

இது சீராக ஏறும் படிக்கட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 3ம் நிலைக்கு ஆயிரக்கணக்கானோர் வேண்டும். 5ம் நிலைக்கு ஐம்பது பேர் போதும். 2015 அக்டோபரில் கட்டாக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா 92 ரன்னில் சுருண்டபோது பாட்டில்கள் பறந்து ஆட்டம் நின்றது. எறிந்தவர்கள் சிலர், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பல்லாயிரம். அதனால் 5 என்று எழுதும்போது பக்கத்திலேயே எத்தனை ஸ்டாண்டிலிருந்து என்பதையும் எழுதுங்கள். ஒரே ஸ்டாண்ட் என்றால் அது அந்த ஸ்டாண்டின் செய்தி. பாட்டில் உள்ளே வந்தது எப்படி என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது. பாதுகாப்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 1999 தொடருக்கு முன் டெல்லி மைதானத்தின் பிட்ச்சையே சிவசேனாக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் சென்னையில் பலத்த காவல் இருந்தது. அந்தக் கைதட்டலை யாரும் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை. ஆனாலும் இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது காவலும் கணக்கில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயம் வேண்டும்: எந்தப் பந்து, எந்தப் பத்தி, எந்த நிலை, யார் மேல். 15வது ஓவரின் மூன்றாவது பந்து என்றால் 14.3 என்று எழுதி, 'மந்தம், 2, பேட்ஸ்மேன்' என்று முடித்துவிடலாம். அதன்பிறகு கூட்டம் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை பந்து ஆனது என்று எண்ணி ஓரத்தில் எழுதுங்கள். நிமிடத்தில் அளக்காதீர்கள். ஒரு ரிவ்யூ வந்தால், வீரருக்கு அடிபட்டால், இரண்டரை நிமிட டைம் அவுட் வந்தால் நிமிடக் கணக்கு வீங்கிவிடும். பந்துக் கணக்கு வீங்காது.

மந்தத்துக்குத் தனியாக ஒரு அளவு உண்டு. கடைசி பவுண்டரி போன பந்திலிருந்து எண்ணத் தொடங்கி, முதல் முனகல் எத்தனையாவது பந்தில், முதல் கூட்டு ஊளை எத்தனையாவது பந்தில் என்று பாருங்கள். டி20யில் 1 முதல் 6 ஓவர், 7 முதல் 15, 16 முதல் 20 என்று மூன்றாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். பவர்பிளே என்னும் முதல் ஆறு ஓவரில் ரன் வராத நாலு பந்துக்கே எங்கும் முனகல் வரும்; நடு ஓவர்களில் பத்துப் பந்து வரை பொறுப்பார்கள். கலந்து சராசரி எடுத்தால் எந்த ஊரும் எந்த ஊரைப் போலவும் தெரியும்.

கிளம்பிப் போவதை எண்ணுவது: அதிகம் தப்பும் இடம்

இருநூறு நாற்காலியில் காலியானவற்றை 10, 14, 16, 18ம் ஓவர் முடிவிலும் ஆட்டம் முடிந்ததும் எண்ணுங்கள். ஓவர் முடிந்து அடுத்த ஓவரின் இரண்டாவது பந்து வரை காத்திருந்து எண்ணினால், சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் போனவர்களில் பாதிப்பேர் திரும்பியிருப்பார்கள். பையையோ கொடியையோ நாற்காலியில் விட்டுப் போயிருந்தால் அது காலி இல்லை.

இந்த எண்ணை மட்டும் பார்த்து யாரையும் பொறுமையில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டம் உயிரோடு இருந்ததா என்று பார்க்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் தோராய விதி: டி20யில் தேவைப்படும் ரன் ரேட் 12க்குள், கையில் 5 விக்கெட்டாவது இருந்தால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. அப்போது கிளம்பினால்தான் 4ம் நிலை. 2025 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் சென்னை அணி 103 ரன் அடித்து, கொல்கத்தா 59 பந்து மிச்சம் வைத்து முடித்ததே, அந்த மாதிரி மேட்ச்சில் எழுந்து போனவர்களை எண்ணி ஒரு பயனும் இல்லை. செத்த ஆட்டத்திலிருந்து கிளம்புவது நிதானமான முடிவு.

எதிர்த் திசையிலும் தப்பும். அதற்குச் சில நாள் முன் மார்ச் 28 அன்று அதே மைதானத்தில் பெங்களூருவிடம் சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். ஆட்டம் கையை விட்டுப் போன பிறகுதான் தோனி ஒன்பதாவது ஆளாக வந்தார். 16 பந்தில் 30 அடித்தார். அவர் ஆடுகிறவரை எழுந்து போக யாருக்கு மனசு வரும்? உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் தோல்வியைத் தாங்கும் கூட்டம் என்று எழுதினால் பிழை. அது நட்சத்திரப் பத்தியில் வர வேண்டிய எண். சேப்பாக்கத்தில் எண்ணும்போது தோனி வந்தாயிற்றா, இன்னும் வரவில்லையா என்று பக்கத்தில் குறித்தே ஆக வேண்டும்.

அடுத்து ரயில். இரவு 7.30க்குத் தொடங்கும் ஐபிஎல் மேட்ச் முடிய 11 மணி தாண்டும். மும்பை வான்கடே மைதானத்துக்கு வந்தவர் சர்ச்கேட்டிலிருந்து விரார் போக வேண்டும் என்றால், ஈடனிலிருந்து புறநகருக்குப் போக வேண்டும் என்றால், சேப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வண்டி பிடிக்க வேண்டும் என்றால், பத்தரைக்கே காலில் பரபரப்பு வரும். மேட்ச்சுக்காகக் கூடுதல் நேரம் மெட்ரோ ஓடும் நாளில் அதே ஆள் கடைசிப் பந்து வரை இருப்பார். மேட்ச்சுக்கு முன்பே அன்றைய கடைசி மெட்ரோ, கடைசி லோக்கல் நேரத்தைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மதியம் 3.30 மேட்ச்சில் எண்ணுங்கள். அங்கே ரயில் குறுக்கே வராது, வெயில் வரும். நிழல் இல்லாத ஸ்டாண்டில் இருநூறு நாற்காலியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மே மாதத்தில் எந்த ஊரும் பொறுமையில்லாத ஊர்தான்.

காதை நம்பும்போது

டிவியில் கேட்கும் சத்தத்தை வைத்து ஊரை எடை போடாதீர்கள். ஸ்டம்பிலும் பவுண்டரி ஓரத்திலும் இருக்கும் மைக்குகளை வர்ணனையோடு கலந்துதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த மைக்கை ஏற்றுவது, எதை இறக்குவது என்பது ஒளிபரப்பு வண்டியில் இருப்பவர் கையில் இருக்கிறது. போனில் சத்தம் அளக்கும் ஆப்பும் ஊர்களை ஒப்பிட உதவாது. கூரை இருக்கும் ஸ்டாண்டில் எதிரொலி கூடும், பக்கத்து ஆள் விசில் அடித்தால் முள் எகிறும். ஒரே நாளில், ஒரே நாற்காலியில் ஏற்ற இறக்கம் பார்க்க மட்டும் அது பயன்படும்.

ஐபிஎல்லில் டிஜே என்று ஒரு தொல்லை உண்டு. ஓவருக்கு நடுவில், விக்கெட் விழுந்ததும், டைம் அவுட்டில் பாட்டு போட்டுக் கத்தச் சொல்வார்கள். அந்தச் சத்தம் ஊரின் சத்தமில்லை. பவுலர் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தப் பந்தின் ஆட்டம் முடியும்வரை வரும் சத்தத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சத்தத்தின் பொருளும் ஊருக்கு ஊர் மாறும். மாட்ரிட் பெர்னாபியூ கால்பந்து மைதானத்தில் விசில் எழுந்தால் சொந்த வீரர் மீது அதிருப்தி என்று அர்த்தம். சேப்பாக்கத்தில் விசில் என்றால் கொண்டாட்டம். சொந்த அணி விக்கெட் விழுந்ததும் ஆரவாரம் எழுந்தால் கோபம் என்று நினைக்கத் தோன்றும். 2013 நவம்பரில் வான்கடேயில் முரளி விஜய் அவுட் ஆனதும் மைதானம் அதிர்ந்தது, ஏனென்றால் கடைசி டெஸ்ட் ஆடும் சச்சின் அடுத்து இறங்க வேண்டும். ஆகவே விக்கெட் விழுந்ததும் உடனே எழுதாதீர்கள். அடுத்த பேட்ஸ்மேன் யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டெஸ்ட் மேட்ச்சில் டிஜே தொல்லை குறைவு, ரயில் பிரச்சினையும் இல்லை. எதிரணி பேட்ஸ்மேன் ஐம்பது, நூறு அடிக்கும்போது உங்கள் இருநூறில் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணுங்கள். இதைவிட நல்ல அளவு எங்களுக்குத் தெரியாது. 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 அடித்தது ஒருநாள் போட்டி, இடம் சேப்பாக்கம், எதிரணி இந்தியா. கூட்டம் எழுந்து கைதட்டியது. 2023 அக்டோபரில் பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் வீழ்த்தியபோதும் அதே மைதானம் ஆப்கானியர்களைக் கொண்டாடியது. சென்னைக்கு இருக்கும் பெயர் 1999 என்ற ஒரே நாளில் வந்ததில்லை என்பதற்கு இந்த மாதிரி வரிசைதான் சாட்சி.

கோபம் ஆறும் வேகம்

எவ்வளவு சீக்கிரம் கொதிக்கிறார்கள் என்பதோடு எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறார்கள் என்பதையும் எடுத்தால்தான் படம் முழுமையாகும். 2006 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக 1 ரன்னில் அவுட் ஆகித் திரும்பிய சச்சினையே வான்கடேயின் ஒரு பகுதி ஊளையிட்டது. சொந்த ஊர்ப் பிள்ளை என்றும் பார்க்கவில்லை. 2024 ஐபிஎல்லில் ரோஹித்துக்குப் பதில் கேப்டனான ஹர்திக் பாண்டியாவுக்கு அகமதாபாத், ஹைதராபாத், வான்கடே என்று போன இடமெல்லாம் ஊளை. ஏப்ரல் 1 அன்று வான்கடேயில் டாஸ் போடும்போது, ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று சஞ்சய் மஞ்ச்ரேக்கர் மைக்கிலேயே கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் 29 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை ஹர்திக் வீசி முடித்தார். ஜூலை 4 அன்று அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ஏறக்குறைய மூன்று மாதம். மும்பையின் கோபம் கடுமையானது, ஆனால் நீண்ட நாள் நிற்காது என்று இதை வைத்து ஒரு ஊகம் எழுதலாம். ஊகம் என்றே எழுதுங்கள். உலகக் கோப்பை நடுவில் வராமல் இருந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பது இந்த ஒரு சம்பவத்தில் தெரியாது.

பெங்களூருவுக்கு வேறு மாதிரி அளக்க வேண்டும். 2009, 2011, 2016 ஐபிஎல் இறுதிப் போட்டிகளில் தோல்வி. 2008ல் தொடங்கிய காத்திருப்பு ஆண்கள் அணிக்கு 2025 ஜூன் 3ல்தான் முடிந்தது. இத்தனை வருடமும் சின்னசாமி மைதானத்தை நிரப்பினார்கள்; பிந்தைய சீசன்களில் 'ஈ சலா கப் நம்தே' (இந்த முறை கோப்பை நமதே) என்றும் சொல்லிக்கொண்டார்கள். ஒரு ஓவருக்குள் கொதிக்கும் கூட்டம் பதினெட்டு சீசன் காத்திருக்கவும் செய்யும். பந்துக் கணக்கும் வருடக் கணக்கும் வேறு வேறு, ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்காதீர்கள். வருடக் கணக்குக்கு எளிய அளவு: அடுத்தடுத்து மூன்று மேட்ச் தோற்ற பிறகு வரும் வார நாள் மேட்ச்சில் இருநூறுக்கு எத்தனை நாற்காலி நிரம்பியது. சனி, ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு யார் ஆடினாலும் நிரம்பும்.

பழைய மேட்ச்களை வாசிப்பது

நேரில் பார்க்காத மேட்ச்சுக்கு ஸ்கோர்கார்டையும் அன்றைய செய்தித்தாளையும் முழு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதினைந்து விநாடித் துண்டு வீடியோவைத் தொடாதீர்கள். அதில் ஒரு ஸ்டாண்ட்தான் இருக்கும், தூண்டியது என்ன என்பது இருக்காது.

ஈடனைப் பாருங்கள். 1996 மார்ச் 13, இலங்கைக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. 1 விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆனது. 22 ரன்னில் 7 விக்கெட். பாட்டில் பறந்தது, தீ எரிந்தது, மேட்ச் ரெஃப்ரீ கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். பத்தி: தோல்வி. 1999 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டில் ஷோயப் அக்தர் மீது மோதி சச்சின் ரன் அவுட் ஆனபோது கலவரம். சச்சினே மைதானத்தைச் சுற்றி வந்து அமைதிப்படுத்தினார். கடைசி நாள் கூட்டத்தை வெளியேற்றிவிட்டு வெறும் நாற்காலிகளுக்கு முன் ஆட்டத்தை முடித்தார்கள். தொடங்கி வைத்தது அநியாயப் பத்தி. 1967 புத்தாண்டு நாளில் மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட்டில் நடந்த கலவரத்துக்குக் காரணம், இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றது. அது நிர்வாகப் பத்தி. மூன்றையும் 'கொல்கத்தா கலவரம்' என்று ஒரே வரியில் எழுதுவதுதான் வழக்கம். பிரித்துப் பார்த்தால் தோல்வி மட்டுமே காரணமாக இருந்தது ஒரே ஒரு முறை என்று தெரியும். 2001 மார்ச்சில் ஆஸ்திரேலியாவிடம் ஃபாலோ ஆன் வாங்கி (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கி, உடனே மறுபடி பேட் செய்ய வேண்டி) உட்கார்ந்திருந்த இந்தியாவுக்காக அதே ஈடன் நிரம்பி வழிந்து, லட்சுமணின் 281க்கும் டிராவிட்டின் 180க்கும் நாள் முழுக்கக் குரல் கொடுத்தது. தோற்கப்போகிற டெஸ்ட் என்று நினைத்து வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

மைதானத்துக்கு வெளியே நடப்பதைத் தனி நோட்டில் எழுதுங்கள். 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைச் சேதப்படுத்தினார்கள். அதைச் செய்தவர்கள் டிக்கெட் வாங்கி மேட்ச் பார்க்கும் கூட்டம்தானா என்று சொல்ல வழியில்லை. கேலரியின் கணக்கில் அது சேராது.

நிலை 5 வந்தால்

பென்சிலைப் பையில் போடுங்கள். உள்ளே வரும்போதே உங்கள் வாசல் எண்ணையும் அதற்கு அடுத்த வாசல் எண்ணையும் எழுதி வைத்திருக்க வேண்டும். பொருள் பறக்கத் தொடங்கினால் மேல் வரிசைக்குப் போங்கள். எறிந்தவை கீழ் வரிசைகளில்தான் விழும். எல்லோரும் படிக்கட்டை நோக்கி ஓடும்போது கூட ஓடாதீர்கள், அமர்ந்த இடத்திலேயே ஓரமாக நில்லுங்கள். கோபக் கூட்டம் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. 2025 ஜூன் 4 அன்று பெங்களூருவில் 11 உயிர் போனது வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டத்தில், மைதான வாசலுக்கு வெளியே. வாசலில் நெரிசல் தெரிந்தால் அன்றைய கணக்கை விட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

எத்தனை மேட்ச், எப்படி எழுதுவது

ஒரு ஊருக்குக் குறைந்தது ஆறு மேட்ச் வேண்டும். ஐபிஎல்லில் சொந்த மைதான லீக் மேட்ச் ஏழுதான் பெரும்பாலும் கிடைக்கும், அதனால் ஒரு சீசன் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும். ஆறில் குறைந்தது இரண்டு மேட்ச் தோல்வியாக இருக்க வேண்டும். ஜெயிக்கும் நாளில் எல்லா ஊரும் நல்ல ஊர். பாகிஸ்தான் மேட்ச், இறுதிப் போட்டி, ஒரு வீரரின் பிரியாவிடை மேட்ச் ஆகியவற்றைத் தனியாக வையுங்கள், சராசரியில் கலக்க வேண்டாம். முடிந்தால் ஒரே நாளில் இரண்டு பேர் எதிரெதிர் ஸ்டாண்டில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதுங்கள். இருவர் போட்ட நிலை எண்களும் பத்தில் எட்டு முறை ஒத்துப்போனால் உங்கள் அளவு நம்பத்தக்கது. ஒத்துப்போகாவிட்டால் 2க்கும் 3க்கும் நடுவில்தான் பெரும்பாலும் சண்டை இருக்கும். 'மூன்று ஸ்டாண்ட்' என்பதை எப்படி எண்ணினீர்கள் என்று உட்கார்ந்து பேசிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முடிவை ஊருக்கு ஒரு மதிப்பெண்ணாக எழுதாதீர்கள். இந்த வடிவத்தில் எழுதுங்கள்: 'சேப்பாக்கம், ஒரு சீசன், 6 மேட்ச், 2 தோல்வி. தோல்வி: அதிகபட்சம் 1. மந்தம்: நடு ஓவரில் 11 பந்துக்குப் பிறகு 2. நட்சத்திரம்: 3, தோனிக்கு முன் இறங்கியவர்கள் மேல். அநியாயம்: 2, அம்பயர் மேல், 4 பந்தில் தணிந்தது. நிர்வாகம்: குறிப்பு இல்லை.' எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் நோட்டில் வருவதை அப்படியே இடுங்கள். ஒரு பத்தியில் குறிப்பே இல்லாவிட்டால் 0 என்று எழுதக் கூடாது, 'குறிப்பு இல்லை' என்றே எழுத வேண்டும். அந்த சீசனில் தூண்டுதலே வராமல் போயிருக்கலாம். அந்தப் பத்தி நிரம்ப அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.